பண்டிகை வருகிறது, மனம் ஏன் கனக்கிறது?

(வாளையாரில் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளி நெருங்கிவிட்டது. செக்போஸ்டைத் தாண்டிக் கோவைக்குப் போகும் பஸ்களில் கூட்டம் ஏறுகிறது. ஆனால் நம் வீடுகளில் பலருக்கு இப்போதுதான் தூக்கம் போகிறது. பிள்ளைகளுக்குத் துணி, மகளுக்குத் தலைத் தீபாவளிச் சீர், ஊருக்குப் பஸ் செலவு, வாரத் தவணைக்காரர் எல்லாம் ஒன்றாக வந்து வாசலில் நிற்கின்றன. ஊருக்குப் போனால் "என்ன கொண்டுவந்தாய்?" என்பார்கள். போகாவிட்டால் "மறந்துவிட்டான்" என்பார்கள்.

இதைத் தன் கையாலாகாத்தனம் என்று எண்ணி உள்ளுக்குள் குமைகிறவர்கள் நம்மில் ஏராளம். 2015-ல் மூணாறில் என்ன நடந்தது? போனஸ் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் லயத்துக்குள் தனித்தனியே அழுதுகொண்டிருக்கவில்லை. செப்டம்பரில் ஆயிரக்கணக்கில் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில், போனஸும் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் என்று உடன்பாடு வந்தது. குறை வீட்டில் இல்லை, கூலியில் இருக்கிறது என்று அந்தப் பெண்கள் நாட்டுக்கே காட்டினார்கள்.

ஆனால் எல்லா வேதனைக்கும் போராட்டம் மருந்தாகாது. 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் தூங்கிய 70 பேர் மாண்டார்கள். அப்படி ஆளைப் பறிகொடுத்த வீட்டில் பட்டாசுச் சத்தமே நெஞ்சில் இடிக்கும். அவர்களைக் கொண்டாடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஒதுக்கியும் வைக்க வேண்டாம். போய் உட்கார்ந்து, இறந்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள்.

குடித்தால் கவலை மறக்கும் என்பது ஒரு ராத்திரிக் கணக்கு. போதை இறங்கும்போது தூக்கம் கெடும், மனம் இன்னும் தாழும், தவணைப் பணமும் போயிருக்கும். அதன் அடி பெண்டு பிள்ளைகள் மேல் விழும்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது சோம்பலும் அல்ல, செய்வினையும் அல்ல, நோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். "நான் இருந்து என்ன பயன்" என்று ஒருவர் சொன்னால், "சாகத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனம்விட்டுச் சொல்ல வழி பிறக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள்; உயிரை விட முயன்றவருக்குத் தண்டனை கூடாது, சிகிச்சை வேண்டும் என்பதே 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஊருக்குப் புறப்படும்போது நாள் எண்ணி எடுத்து வையுங்கள். பண்டிகைக்காக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஆண்டு புதுத்துணி பிள்ளைகளுக்கு மட்டும், சீருக்குக் கடன் வாங்குவதில்லை என்று இங்கேயே பேசி முடிவெடுப்போம். ஒரு வீடு சொன்னால் அவமானம். எல்லா வீடும் சொன்னால் வழக்கம். பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை விடுகிறது. ஊருக்குப் போக முடியாதவர்கள் அன்று ஒரே இடத்தில் அடுப்புக் கூட்டுவோம். யார் வரவில்லை என்று பார்த்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம்.