வட்டமா, சுருளா?

(விஜயபுரம் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"குழந்தைக்குப் பாட்டு சொல்லிவைக்கக் கீபோர்டு போதாதா, தம்புரா எதற்கு?" என்று வெளியூர் அங்கத்தினர்கள் கேட்கிறார்கள். பதில் ஒரு சிறு கணக்கில் இருக்கிறது.

தந்தியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் பஞ்சமம் பேசும். அதையே ஷட்ஜமாக வைத்து மறுபடி பஞ்சமம் பிடித்தால் ரிஷபம், அதற்குப் பஞ்சமம் தைவதம், அடுத்தது காந்தாரம். இப்படி 12 தடவை போனால், எல்லா ஸ்வரஸ்தானங்களையும் தொட்டுவிட்டு, 7 ஸ்தாயி மேலே ஷட்ஜத்துக்கே வந்துசேர வேண்டும். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்கள் ஏழு ஸ்வரங்களின் பெயரோடு வட்டமாகத்தான் நிற்கிறார்கள்.

ஆனால் கணக்கு இடிக்கிறது. 12 ஒன்றரைகளைப் பெருக்கினால் 129.75, ஏழு இரண்டுகளைப் பெருக்கினால் 128தான். 240 அதிர்வில் கிளம்பிய ஷட்ஜம், பழைய ஸ்தாயிக்கு இறக்கிப் பார்த்தால், 243-க்குச் சற்று மேலே நிற்கும். இரண்டையும் சேர்த்து மீட்டினால் விநாடிக்கு மூன்று தடவை அலையடிப்பது காதுக்கே தெரியும். ஆக, இது வட்டம் இல்லை, கொசுவத்திச் சுருள். ஒரு சுற்று முடிந்தாலும் ஆரம்பித்த இடத்தைத் தொடாது.

தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். 'மூன்றில் இரண்டு' ஷட்ஜத்தில் முடியாது; ஸ்தாயியைச் சமபாகமாகவே பிரிக்க வேண்டும்; சுருதி 22 அல்ல, 24 என்று 1916-ல் பரோடா சங்கீத மாநாட்டில் வாதித்தார். 1917-ல் வந்த கருணாமிர்த சாகரத்தில் அதை விரிவாக எழுதினார். கீபோர்டும் சமபாகம்தான். வட்டத்தை மூடுவதற்காக ஒவ்வொரு பஞ்சமத்திலும் மயிரிழை குறைத்திருக்கிறார்கள்.

பஞ்சமத்தில் குறைவது தெரியாது, காந்தாரத்தில் தெரியும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில், அதற்கென்று தந்தி இல்லாமலே அந்தர காந்தாரம் கேட்கும். ஸ்தாயியை 1200 பங்காக்கினால் அதன் இடம் 386. கீபோர்டில் 400. ஸ்வயம்பு ஸ்வரங்களைப் பற்றி, விஜயநகர காலத்தில், 1550-லேயே ராமாமாத்யர் தம் ஸ்வரமேளகலாநிதியில் பேசியிருக்கிறார். இன்றும் வீணைக்கு மேளம் கட்டுகிறவர் மெழுகில் மெட்டை நகர்த்திவைப்பது காதை நம்பித்தான்.

கீபோர்டைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஸ்வரஸ்தானத்தின் பெயர் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தினம் பத்து நிமிஷம் குழந்தை தம்புராவைத் தானே சுருதி சேர்த்து, அந்தக் காந்தாரத்தைத் தேடிக் கேட்கட்டும். அந்த 14 பங்கு வித்தியாசம் ஒரு தடவை காதில் ஏறிவிட்டால், பிறகு எந்த ஊரில் இருந்தாலும் போகாது.