யாளியும் கணிப்பொறியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். யாமோ கரக்பூர் ரயில்வே பணிமனையின் பண்டகசாலையில் பேரேடு எழுதும் குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படியாத எம்மையும் ஒரு பொருளாக மதித்துப் பேசப் பணித்த செயலாளர் அவர்களுக்கு எம் நன்றி உரியது.

யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டுச் சிலர் நகைக்கக்கூடும். கணிப்பொறியில் இல்லாத பிராணிகளைப் படைத்து விளையாடும் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். தமிழ்ச் சங்கத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வினவுவீர்கள். தொடர்பு உண்டு என்று காட்டுவதே எம் நோக்கம். அத்துடன் எம் பிழையொன்றையும் இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கின்றது.

அமெரிக்க நாட்டிலே வில் ரைட் என்னும் விளையாட்டு அமைப்பாளர் ஒருவர் இருக்கின்றார். நகரங்களைக் கட்டி ஆளும் 'சிம்சிட்டி' என்னும் விளையாட்டை 1989-இல் வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அவரும் அவருடைய மாக்சிஸ் குழுவினரும் 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஸ்போர்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதற்கு முன்னோடியாக அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே, பிராணிகளை ஆக்கும் பகுதியை மட்டும் தனியே பிரித்து மக்களுக்கு அளித்தனர். உலகெங்கும் சிறியோரும் பெரியோரும் அதில் மூழ்கினர். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே, மக்கள் ஆக்கி அனுப்பிய பிராணிகள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன.

அதன் முறை யாதெனில், முதலில் திரையில் களிமண் உருண்டை போன்ற ஓர் உடல் தோன்றும். அதனுள்ளே முதுகெலும்பு ஒன்று உண்டு. அதைப் பிடித்து இழுத்தால் உடல் நீளும், வளைத்தால் வளையும், வேண்டிய இடத்தில் பருக்கவும் சிறுக்கவும் செய்யும். பக்கத்திலே கண், வாய், கால், கை, கொம்பு, சிறகு முதலிய உறுப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பண்டகசாலையில் உதிரி உறுப்புகளை எண்ணியே காலம் கழிக்கும் எமக்கு அக்காட்சி மிகவும் பழகியதாகவே தோன்றிற்று! இலை தின்னும் வாயை வைத்தால் அது சைவப் பிராணி. கோரைப் பற்களுள்ள வாயை வைத்தால் புலால் உண்பது. வாயைக் கண்டு குலம் அறியலாம். ஓர் உடலில் இத்துணைதான் உறுப்பு ஏற்றலாம் என்ற வரம்பும் உண்டு. இறுதியில் வண்ணம் பூசி, ஒரு பொத்தானை அழுத்தினால், அப்பிராணி எழுந்து நடக்கும், கூத்தாடும், குரல் எழுப்பும்.

இங்கேதான் வியப்பு இருக்கின்றது. கேலிச்சித்திரப் படம் வரைவோர், தம் பிராணிக்கு எத்தனை கால் என்று அறிந்த பின்னரே அதன் நடையை வரைவர். இங்கோ எங்கோ ஒரு சிறுவன் மூன்று காலும் ஏழு கண்ணும் வைக்கப்போகின்றான். மற்றொரு சிறுமி காலே இல்லாமல் விட்டுவிடுகின்றாள். அவ்வுடலை முன்பின் கண்டிராத மென்பொருள், அதற்கேற்ற நடையை அக்கணமே அமைத்துத் தருகின்றது. காலில்லாதது ஊர்ந்து செல்கின்றது. கிறிஸ் ஹெக்கரும் அவருடைய தோழர்களும் இம்முறையை விளக்கி 2008-இல் ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதியுள்ளனர். 'இந்தக் கையை இவ்வளவு பாகை திருப்பு' என்று சொல்லாமல், 'எதிரே உள்ளதைப் பற்று' என்று பொதுவாகச் சொல்லிவைத்தால், அந்தந்த உடல் தன்னால் இயன்றவாறு அதைச் செய்துகொள்ளும். இதுவே அதன் சூட்சுமம்.

ஒன்றை மட்டும் குழந்தைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது இயற்கையின் பரிணாமம் அன்று. பரிணாமத்தைக் காட்டுவது போலத் தோன்றினும் உண்மையில் கைவினையே என்று அறிவியலாரும் குறை கூறினர். பரிணாமத்தின் சாயலைக் காண வேண்டுமாயின், ரிச்சர்டு டாக்கின்ஸ் 1986-இல் தம் நூலில் விவரித்த 'பயோமார்ப்' என்னும் கோட்டுருவங்களைப் பார்க்கலாம். ஒன்பது எண்களே அவற்றின் மரபணுக்கள். தலைமுறைதோறும் சிறு மாற்றங்களோடு பிள்ளைகள் பிறக்கும். அவற்றுள் ஒன்றை மனிதக் கண் தேர்ந்தெடுக்கும். மரங்கள் தோன்றும் என்று எதிர்பார்த்திருந்த அவர் முன்னே பூச்சிகள் தோன்றினவாம்!

நிற்க. இனி எம் கதைக்கு வருவோம்.

எம் மகனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் வங்காளமும், அண்டை வீட்டில் தெலுங்கும் பேசுவான். தமிழ் எம் வீட்டு அடுக்களையில் மட்டும் வழங்கும் மொழியாய்விட்டது. ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பிற்கு அவனை இழுத்துக்கொண்டுதான் வருவோம். சக ஊழியர் ஒருவரிடம் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி, இவ்விளையாட்டையும் அவன் விரும்பியவாறு வாங்கிக் கொடுத்தோம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. யாம் சினமுற்று, அவன் கண்ணெதிரிலேயே அவ்விளையாட்டைக் கணிப்பொறியிலிருந்து நீக்கினோம். நாற்பதுக்கு மேற்பட்ட பிராணிகளை அவன் ஆக்கிவைத்திருந்தான். அவன் அழவில்லை. "அப்பா, எல்லாம் போயிடுத்தா?" என்று மட்டும் கேட்டான். "போயிற்று" என்றோம். அதன்பின் பல நாட்கள் அவன் எம்மிடம் தமிழில் பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் இந்தியிலேயே விடை தந்தான்.

சில வாரங்கள் கழிந்தன. அலுவலகப் படிவம் ஒன்றைத் தேடிக் கணிப்பொறியைத் துழாவியபோது, சிறு சிறு படங்கள் நிறைந்த உறை ஒன்று அகப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு பிராணியின் படம். விளையாட்டை நீக்கினோமேயன்றி, அவன் படைப்புகள் வேறோர் இடத்தில் அப்படியே இருந்தன. அவற்றுள் ஒன்றன் கீழே ஆங்கில எழுத்தில் 'தாராசுரம்' என்று பெயர் இட்டிருந்தான். சிங்கத்தின் உடல், துதிக்கை போல் நீண்ட முகம், பிதுங்கிய விழிகள்.

யாம் திகைத்துப் போனோம். முந்தைய கோடை விடுமுறையில் கும்பகோணம் சென்றபோது தாராசுரம் கோயிலுக்கு அவனை அழைத்துச் சென்றிருந்தோம். இரண்டாம் இராசராச சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயில் அது. தூணைத் தாங்கி அமர்ந்திருக்கும் யாளியின் முன் நின்று, "அப்பா, இது என்ன பிராணி?" என்று கேட்டான். ரயிலுக்கு நேரமாயிற்று என்ற பரபரப்பில், "சாமி கும்பிட வா" என்று கையைப் பிடித்து இழுத்தோம். யாம் விடையளியாத வினாவைக் குழந்தை கரக்பூர் வரை சுமந்து வந்து, தானே விடை செய்துவைத்திருக்கின்றான். அதைத்தான் யாம் வீண் விளையாட்டு என்று அழித்தோம்!

அன்றிரவே விளையாட்டை மீண்டும் நிறுவினோம். இவ்விளையாட்டில் ஓர் அருமை உண்டு. அச்சிறு படத்தினுள்ளேயே பிராணியின் முழு இலக்கணமும் மறைந்திருக்கின்றது. ஆலம் வித்தினுள் மரம் அடங்கியிருப்பது போல என்று கொள்ளுங்கள். படத்தை இழுத்து விளையாட்டினுள் விட்டவுடன், தாராசுரத்து யாளி எழுந்து நடந்தது. மகனை எழுப்பிக் காட்டினோம். "இதன் பெயர் யாளி. அன்று சொல்லாமல் விட்டது எங்கள் பிழை" என்றோம். "யாளி" என்று இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

அன்று முதல் இருவரும் அமர்ந்து ஒவ்வோர் உறுப்பிற்கும் தமிழ்ப் பெயர் சொல்லத் தொடங்கினோம். அலகு, செதிள், குளம்பு, பிடரி மயிர், உகிர், துடுப்பு, உணர்கொம்பு. சிலவற்றிற்கு எமக்கே பெயர் தெரியவில்லை. சங்க நூலகத்தின் அகராதியைப் புரட்டினோம். தமிழ் வகுப்பிற்கு இழுத்துவர வேண்டிய பிள்ளை, அகராதியை நாடி எமக்கு முன்னே ஓடிவந்தான்.

பெரியோர்களே! நாம் வாழும் இம்மண்ணும் இக்கலைக்குப் புதிதன்று. வங்கக் கவிஞர் சுகுமார் ராய் 1923-இல் வெளிவந்த தம் 'ஆபோல் தாபோல்' நூலிலே வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டி ஒரு பிராணியைப் படைத்தார்; இங்குள்ள குழந்தைகள் அதை இன்றும் அறிவர். அருகிலுள்ள ஒரிய நாட்டிலே, சாரளா தாசர் இயற்றிய மகாபாரதத்தில் 'நவகுஞ்சரம்' என்னும் உருவம் வருகின்றது. சேவலின் தலை, மயிலின் கழுத்து, காளையின் திமில், சிங்கத்தின் இடை, பாம்பின் வால். கால்கள் மூன்றும் வெவ்வேறு விலங்கினுடையவை. நான்காவதோ மனிதனின் கை. அதைக் கண்டு அர்ச்சுனன் வில்லை எடுத்தான். ஆயினும் அந்த ஒரு கையைக் கண்டதும், வந்திருப்பவன் கண்ணனே என்று உணர்ந்து வில்லைத் தாழ்த்தி வணங்கினான்.

நம் குழந்தைகளின் பேச்சும் நவகுஞ்சரமே. தலை ஆங்கிலம், கழுத்து இந்தி, வால் வங்காளம். "இது என்ன தமிழ்?" என்று நாமெல்லோரும் வில்லைத் தூக்கி நிற்கின்றோம். அதனுள் நீட்டிய ஒரு கை தமிழாக இருப்பதைக் காணாமல் போகின்றோம். யாமும் அவ்வாறே வில்லெடுத்தவர்கள், ஆகையால்தான் சொல்லுகின்றோம்.

ஞாயிறு வகுப்பிற்கு வரும் பிள்ளைகள் மூவராகக் குறைந்துவிட்டனர் என்றும், அதை மூடிவிடலாமா என்றும் செயற்குழு ஆலோசிப்பதாக அறிகின்றோம். மூடிவிட வேண்டா என்று இச்சபையை இரந்து வேண்டுகின்றோம். வகுப்பின் கடைசி ஒரு மணி நேரத்தை இவ்விளையாட்டிற்கு ஒதுக்குங்கள். எம் கணிப்பொறியை யாமே சுமந்து வருவோம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு பிராணியை ஆக்கட்டும். அதற்குத் தமிழில் பெயரிடட்டும். அது எங்கே வாழும், எதை உண்ணும், எதற்கு அஞ்சும் என்று பத்து வாக்கியங்கள் தமிழிலே எழுதட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றிற்கு இரண்டு பக்கங்கள் தாருங்கள். ஒரு மணிக்கு மேல் வேண்டா. கணக்குப் பாடமும் வேண்டும் அன்றோ!

கல்லிலே யாளியைக் கண்ட தச்சனும் யாளியை நேரில் பார்த்தவன் அல்லன். தெரிந்த உறுப்புகளைக் கொண்டு தெரியாத ஒன்றைச் சமைத்தான். அது எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூணைத் தாங்கி நிற்கின்றது. நம் பிள்ளைகள் சமைப்பது எதைத் தாங்கும் என்று இன்று நமக்குத் தெரியாது. சமைக்கும் கையை மட்டும் தட்டிவிடாமல் இருப்போமாக!

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!