பூட்டிய பீரோவும் விரித்த பாயும்
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரகடம் சாலையையொட்டிய பள்ளி ஒன்றில் கவிதை குறித்துப் பேச அழைத்திருந்தனர். நூலகத்தைப் பார்க்க விரும்பினேன். தலைமையாசிரியர் அறையிலிருந்த இரும்பு பீரோவைக் காட்டினார்கள். உள்ளே நல்ல நூல்கள், மடிப்புக் கலையாமல் இருந்தன. பொறுப்பாசிரியை தயங்கியபடி, "கொடுக்க ஆசைதான் அம்மா. ஒன்று தொலைந்தாலும் கணக்கை நான்தானே நேர்செய்ய வேண்டும்?" என்றார். அவர் அச்சம் நியாயமானதே.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன், 1931இல் ஐந்து நூலக விதிகளை நூலாக்கினார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதே ஆண்டில் மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டி நூலகம் சிற்றூர்களை நாடிப் புறப்பட்டது. வண்டியேறி ஊர்தோறும் சென்ற நூல், பள்ளிக்குள் இருந்தும் பிள்ளையின் கையை எட்டவில்லையெனில் அது நமக்கு அழகாகுமா?

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் மகிழுந்து உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக, வடமாநிலக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. அன்று பீரோவைத் திறந்து, பாய் விரித்து, பிள்ளைகளை ஐவர் ஐவராய் அமர்த்தினோம். பீகாரிலிருந்து வந்த ஒரு சிறுமி, யானைப் படக்கதையை இந்தியில் சொன்னாள். பக்கத்துப் பெண் படத்தைப் பார்த்துப் பார்த்து அதைத் தமிழாக்கினாள். "இல்லை, யானை அழவில்லை, குளிக்கிறது" என்று மூன்றாமவன் மறுத்தான். மூவரும் வழக்காடி, மீண்டும் பக்கத்தைப் புரட்டினர். அந்த இரைச்சலில் கல்வி நிகழ்ந்ததை என் கண்ணால் கண்டேன்.

அரசும் இத்திசையில் நடந்திருக்கிறது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் சிறுநூல்களைப் பள்ளிகளுக்குத் தந்தது. கூடிப் படிப்பதற்கு நூல் வந்துவிட்டது. உடன் அமர ஆட்கள் வேண்டும்.

ஆகவே இவ்வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது: ஒரே நூலில் ஐந்து படிகள் வீதம் வாங்கிப் பள்ளிக்குக் கொடுப்போம். அவை நம் வட்டத்தின் கணக்கிலேயே இருக்கட்டும். கிழிந்தாலும் தொலைந்தாலும் நாமே ஈடுசெய்வோம் என எழுதிக் கொடுப்போம். ஆசிரியரின் அச்சம் நீங்கும். இரண்டாவது: மாதம் ஒருமுறை நம்மில் இருவர் அப்பாயில் அமர்வோம். சொற்பொழிவு வேண்டா. பிள்ளைகள் பேசுவதைக் கேட்டாலே போதும். கவிஞர்க்கு அதனினும் பெரிய பயிற்சி ஏது?

திருப்பெரும்புதூர் இராமாநுசர் பிறந்த மண். தமக்கு மட்டும் உரைக்கப்பட்ட மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரமேறி எல்லார்க்கும் அறிவித்தார் என்பது மரபு. அம்மண்ணில் வாழும் நாம் ஒரு பீரோவைத் திறக்கத் தயங்கலாமா?