பகலில் ஏறுவோம், சேர்ந்து இறங்குவோம்

(சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாகச் சிவனொளிபாதமலைக்குப் பயணம் போவதென்று செயற்குழு முன்மொழிந்திருக்கிறது. டொரன்டோ, லண்டன், மெல்பேர்ன் என்று பல இடங்களிலிருந்தும் பெயர்கள் வந்துவிட்டன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பத்தோடு கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் போன அக்காமார் சிலரும் வருவதாக எழுதியிருக்கிறார்கள். புவியியல் படிப்பித்தவள், அந்த மலையைப் பதினொரு தரம் ஏறி இறங்கியவள் என்பதால் என்னையும் இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பயணத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் முன்மொழிவில் இரண்டு இடங்களை மாற்றித்தர வேண்டும் என்று கேட்கவே இங்கே நிற்கிறேன். ஒன்று, இரவில் ஏறுவது. மற்றது, உச்சியைத் தொட்டவர்களுக்கு மட்டும் சான்றிதழ் கொடுப்பது.

முதலில் மலையைப் பற்றிச் சில விபரங்கள். உயரம் 2,243 மீற்றர். இலங்கையில் அதைவிட உயர்ந்த மலைகள் இருக்கின்றன. பீதுருதாலகால 2,524 மீற்றர். ஆனால் தனியே கூம்பாக எழுந்து நிற்பதால் பார்வைக்கு இதுவே பெரிதாகத் தெரிகிறது. பௌத்தர்களுக்கு இது புத்தரின் பாதம், நமக்குச் சிவனின் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாமின் மலை. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் போனால் நல்லதண்ணி. அங்கிருந்து 5,000க்கும் மேற்பட்ட படிகள். உயரக் கணக்கில் ஏறத்தாழ 1,000 மீற்றர். சாதாரணமாக நடப்பவர் ஏற மூன்று, நான்கு மணி நேரம் எடுக்கும். மார்கழி மாத உந்துவப் போயாவில் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக் போயாவோடு முடிகிறது. அந்த மாதங்களில் பாதை நெடுகிலும் விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் இருக்கும். மற்ற மாதங்களில் இரண்டும் இல்லை.

எல்லோரும் இரவில்தானே ஏறுகிறார்கள், உதயத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உச்சியில் உதயமும், அந்த நேரம் மேற்கே விழும் மலையின் முக்கோண நிழலும் கண்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள். நேர்த்தி வைத்து இரவில் ஏறுபவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் நம் குழுவில் இருபது வயதுத் தங்கச்சியும் இருப்பாள், எழுபது தாண்டிய அக்காவும் இருப்பார். பாதிப் பேர் முதல் நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியிருப்பார்கள். இரவு முழுக்கக் கண்விழித்து ஏறியவர் காலையில் களைத்த கால்களோடுதான் இறங்க வேண்டும். கால் நடுங்குவதும் முழங்கால் மடங்குவதும் இறங்கும்போதுதான். அதோடு, சனி ஞாயிறிலும் போயா நாட்களிலும் கடைசிப் படிகளில் சனம் நெருங்கி, குளிரில் ஓரிடத்திலேயே மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இரவில் ஏறினால் அடுத்த படியும் முன்னால் போகிறவரின் முதுகும்தான் தெரியும். பகலில் ஏறினால் நம் ஊர் முழுவதும் தெரியும். ஒரு பக்கம் மவுசாக்கலை நீர்த்தேக்கம். பழைய மஸ்கெலியா நகரம் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலின் கல் வெளியே வரும். இன்னொரு பக்கம் ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு இந்தோனேசியாவிலிருந்து வந்த விமானம் அதில் மோதி 191 பேரும் இறந்தார்கள். இந்த மண்டபத்தில் அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவே, நாம் பிறந்த தோட்டங்கள். எந்த லயம், எந்தக் கொழுந்து மடுவம், எந்தப் பிள்ளை மடுவம் என்று விரலால் காட்டலாம்.

தோட்டத்தில் ‘மலை’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் இருந்தது என்பதை இங்கே பலருக்கு நினைவூட்டத் தேவையில்லை. நம் அம்மாமார் ‘மலைக்குப் போறேன்’ என்று சொன்னால் அது தேயிலை மலை, ஏதோவொரு நம்பர் மலை. விடியற்காலையில் பிரட்டுக் களம், பிறகு இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, காலில் செருப்புக்கூட இல்லாத ஏற்றம். எடை குறைந்தால் அரைப் பேர். அட்டையும் வழுக்கும் ஈரப்பாறையும் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த மலையேறிக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் ஏறியது கொழுந்துக்காக. ஒரு முழு நாளை எடுத்து, கூடையில்லாமல், பார்ப்பதற்காகவே ஒரு மலையில் ஏறும் வாய்ப்பு அவர்களில் அநேகருக்குக் கிடைக்கவில்லை. பெண்பிள்ளைக்கு மலையேறி என்ன காணவேண்டியிருக்கு என்று நம்மிடமும் கேட்டார்கள். அதனால்தான் இந்தப் பயணம் நடக்க வேண்டும் என்கிறேன். நடப்பது வெளிச்சத்தில் நடக்கட்டும்.

எப்போது போவது? பெப்ரவரி மாதத்தில், போயா இல்லாத வாரநாள் ஒன்றில். மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று நேரே இந்தச் சரிவில்தான் மோதும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை எப்படியென்று நமக்குத் தெரியும். மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெளித்திருந்தாலும் பின்னேரம் இடிமுழக்கத்தோடு மழை வரும். பெப்ரவரியில் காலை பெரும்பாலும் தெளிவு. ஆறு மணிக்கு நல்லதண்ணியில் தொடங்கினால் பத்து மணியளவில் மேலே நிற்கலாம். பின்னேர முகில் ஏறுமுன் நாம் பாதி இறங்கியிருப்போம்.

இனி ஆபத்து எங்கே என்று சொல்கிறேன். சீதகங்குல வரை கவலை இல்லை, நல்ல நடைதான். இந்திகட்டுபானைக்கு மேலே மகாகிரிதம்ப ஏற்றம். அங்கே படி செங்குத்தாகும், மரங்கள் குட்டையாகும், காற்றுக்கு மறைப்பு இராது. ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை குளிர் கூடும் என்று வகுப்பில் படித்தோமே, அதோடு காற்றையும் ஈர உடுப்பையும் சேர்த்துப் பாருங்கள். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு உச்சியில் அரை மணி நேரம் நின்றால் உடல் நடுங்கத் தொடங்கும். ஆகவே மாற்றுச் சட்டை ஒன்று, காற்றுப் புகாத மேற்சட்டை ஒன்று, காதை மூடத் துணி. சேலை வேண்டாம், மேலே போய் உடுத்திக்கொண்டு படம் எடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். பழகிய சப்பாத்து போடுங்கள். பயணத்துக்கென்று புதிதாக வாங்கியது வேண்டாம். அட்டைக்குச் சவர்க்காரமும் உப்பும் போதும், அம்மா செய்த வைத்தியம்தான்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றடிக்கும்போது அது துணை. மின்னல் அடிக்கும்போது அதுவே பகை. மின்னலைக் கண்டவுடன் எண்ணத் தொடங்குங்கள். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீற்றருக்குள் நிற்கிறது என்று பொருள். கம்பியை விட்டு விலகி, முகட்டிலிருந்து இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மீண்டும் ஏறக்கூடாது.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் மருந்தையும் சாப்பாட்டையும் தங்கள் பையிலேயே வைத்திருக்க வேண்டும். பொதுப் பையில் போட்டால் அந்தப் பை எப்போதும் வேறு யாருடனோ இருக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், ஆனால் வண்டி போகும் பாதை வரைதான் வரும். படியில் விழுந்தவரை அதுவரை தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். நான்கு பேருக்கு ஒரு குழு, குழுவில் மிக மெதுவாக நடப்பவர் முன்னால், பழகியவர் கடைசியில். நேரம் பதினொன்று ஆனால் எங்கே நின்றாலும் திரும்புவது. கொண்டுபோகும் பொலித்தீனும் போத்தலும் நம்மோடு திரும்பி வரவேண்டும். இந்த மலைகளில் சேரும் தண்ணீர் மஸ்கெலியா ஓயாவாகிக் களனி கங்கைக்குப் போகிறது. கொழும்பிலிருந்து வந்திருக்கும் அக்காமாரின் வீட்டுக் குழாயில் வருவதும் களனித் தண்ணீர்தான்.

இப்போது சான்றிதழுக்கு வருகிறேன். 1344ஆம் ஆண்டில் இந்த மலையில் ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அன்று இரண்டு பாதைகள் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஒன்றுக்குப் பெயர் பாபா பாதை, மற்றதற்கு மாமா பாதை. நம் தாய்மாமா அல்ல. பாபா என்றால் ஆதாம், மாமா என்றால் ஏவாள், அதாவது தாயின் பாதை. பாபா பாதை கடினம். பாறையில் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டும். ஒரு சங்கிலியடியில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றி, விழுந்துவிடும் பயத்தில் கலிமா சொல்வார்களாம். மாமா பாதை இலகு. ஆனால் அந்தப் பாதையால் ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எண்ணுவதில்லை என்கிறார். ஏறத்தாழ எழுநூறு வருடமாகிறது. கடினப்பட்டவர் மட்டுமே கணக்கில் வருவார் என்ற அந்த வழக்கத்தை, ஒரு பெண்கள் பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கம் இன்றைக்கும் தொடர வேண்டுமா?

இது மனவருத்தம் பற்றிய பேச்சு மட்டுமல்ல, பாதுகாப்புப் பற்றியது. இந்திகட்டுபானையில் ஒரு அக்காவுக்கு நெஞ்சில் ஏதோ இறுக்கமாக இருக்கிறது என்று வையுங்கள். மேலே சான்றிதழ் காத்திருக்கிறது. பத்தாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்திருக்கிறார். வகுப்புத் தோழிகள் எல்லோரும் ஏறுகிறார்கள். அவர் வாய் திறந்து சொல்வாரா? சொல்லமாட்டார். நாமெல்லாம் வலியைச் சொல்லாமல் இருக்கப் பழக்கப்பட்டவர்கள். அந்தக் காகிதம் அவரை இன்னும் ஐந்நூறு படி ஏறவைக்கும்.

2016 மே மாதம் ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அந்த உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஒரு பெண் என்பதை நாம் பெருமையோடு சொல்கிறோம். அவரோடு போன ஜொஹான் பீரிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே ஒட்சிசன் பிரச்சினையால் அவர் திரும்பி இறங்கினார். உயிரோடு இறங்கியதால் 2018இல் மறுபடி போய் உச்சியைத் தொட்டார். திரும்பத் தெரிந்ததும் மலையேறத் தெரிந்ததில் ஒரு பகுதிதான்.

ஆகவே என் திருத்தங்கள் இவை. பயணம் பகலில் நடக்கட்டும், பதினொரு மணிக்குத் திரும்பும் விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சான்றிதழ் கொடுப்பதானால் நல்லதண்ணியில் நம்மோடு நடக்கத் தொடங்கிய ஒவ்வொருவருக்கும் கொடுப்போம். சீதகங்குலவில் உட்கார்ந்து மற்றவர்கள் வரும்வரை ரொட்டியும் சம்பலும் காத்து வைத்திருக்கும் அக்காவுக்கும் அதே சான்றிதழ். சங்கப் பதிவேட்டில் பெயர்களை ஒரே பட்டியலாக எழுதுவோம். யார் எந்தப் படி வரை போனார் என்று பக்கத்தில் குறிக்க வேண்டாம்.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தரம் ஏறினோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கம். இந்த முறை அங்கே போய்ச் சேருபவர்கள் தங்கள் கணக்குக்கு அடித்த பிறகு, கீழே நிற்கும் தோழிகளுக்காகவும் ஒரு தரம் அடித்துவிட்டு வாருங்கள்.

என் திருத்தங்களை வழிமொழிய யாராவது முன்வருவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.