தாயைக் கண்டதும் அழும் பிள்ளை

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளிர்ந்த வேளையில்தான் மரம் நன்றாகப் பால் சுரக்கும். ஆகவே பால்வெட்டுக்குச் செல்லும் தாயின் நாள் பொழுது புலருமுன் தொடங்கிவிடுகிறது. அரைத் தூக்கத்திலிருக்கும் பிள்ளையைத் துணியில் சுற்றியெடுத்துச் சென்று, ஆயாக் கொட்டகையிலோ பாட்டியிடமோ விட்டுவிட்டுப் பெரட்டுக்கு விரைகிறாள். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பும்போது, அதுவரை சமர்த்தாக விளையாடிக்கொண்டிருந்த 2 வயதுப் பிள்ளை, அவளைக் கண்டதும் தரையில் புரண்டு அழுகிறது; கையிலிருந்த கோப்பையை வீசுகிறது. "இவ்வளவு நேரம் சத்தமே இல்லை, உன்னைக் கண்டதும்தான் இந்த ஆட்டம்" என்கிறார் ஆயா. பசியோடும் களைப்போடும் நிற்கும் தாய்க்கு அச்சொல் சுருக்கென்று தைக்கிறது. அவள் கை ஓங்குகிறது.

அந்த ஓங்கிய கையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

செல்லத்தால் கெட்ட பிள்ளை என்று ஊரார் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. பிறரிடம் காட்டத் துணியாத ஏக்கத்தைப் பிள்ளை தன் தாய்க்கென்று சேர்த்து வைத்திருக்கிறது. 1952ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் இங்கிலாந்தில் ஒரு படம் எடுத்தார். மருத்துவமனையில் 8 நாள் தங்க நேர்ந்த 2 வயதுச் சிறுமியைக் காட்டும் படம் அது. பெற்றோர் விருப்பம்போல் வந்து பார்க்க இயலாத காலம். அழுகை நின்றால் குழந்தை தேறிவிட்டது என்றே மருத்துவமனைகளில் பலரும் நம்பினர். அச்சிறுமியும் அதிகம் அழவில்லை. ஆனால் அவள் அடக்கிய துயரம் முகத்தில் தெரிந்தது. பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க வேண்டுமென 1959இல் அந்நாட்டுக் குழுவொன்று பரிந்துரைத்தது.

ஆயாக் கொட்டகையில் கழியும் அரை நாளும் மருத்துவமனையில் கழிந்த 8 நாளும் ஒன்றல்ல. வேலைக்குச் செல்லும் எந்தத் தாயும் இதைக் கேட்டு மனம் குமைய வேண்டியதில்லை. ஆயினும் பிள்ளை அமைதியாக இருப்பதால் அதற்குத் துயரமே இல்லையென்று முடிவுகட்டலாகாது.

சினத்தை அடக்கும் ஆற்றல் மூளையின் முன்பகுதியைச் சார்ந்தது. அப்பகுதி 20 வயதைக் கடந்த பின்னும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. 2 வயதில் சொற்களும் போதா; கைகால்களே பேசுகின்றன. கத்தி ஆழப் பதிந்தால் பட்டை புண்பட்டு, புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும் என்பதை உங்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனவே, பிள்ளையின் பக்கத்தில் தரையில் அமருங்கள். "அம்மாவைக் காணாமல் தேடினாயா? கோபம் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். பிறகு பேசாதிருங்கள். அழுகை தணியச் சற்று நேரமாகும்.

இப்படிச் செய்தால் தலைமேல் ஏறிவிடாதா என்று தந்தைமார் கேட்பதுண்டு. ஏறாது. கோபத்தை ஏற்கிறோமேயன்றி, கோப்பை வீசுவதை ஏற்கவில்லை. கோப்பையை எடுத்து அப்பால் வையுங்கள். அடிக்க வந்தால் கையை மெல்லப் பிடித்து, "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். கேட்ட மிட்டாயையெல்லாம் வாங்கித் தரவும் வேண்டியதில்லை. உங்களுக்கே சினம் மூண்டால், பிள்ளையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவி வாருங்கள்.

பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் மிஸ்ஸி என்று மிரட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நலம். காய்ச்சல் கண்டால் அதே மிஸ்ஸியிடந்தானே பிள்ளையைத் தூக்கிச் செல்ல வேண்டும்!

காலையில் பிள்ளை உறங்கும்போது நழுவிச் செல்வது எளிது. ஆனால் விழித்ததும் தாயைக் காணாத பிள்ளை, மறுநாள் உறங்கவே அஞ்சும். "பால் நிறுத்ததும் வந்துவிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிச் செல்லுங்கள். உங்கள் பழைய சேலைத் துண்டொன்றையும் அதன் கையில் கொடுங்கள்.

ஆயாமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாய் வந்ததும் பிள்ளைமீது புகார் கூறாதீர்கள். அது என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் தூங்கியது, எப்போது அம்மாவைத் தேடியது என்பவற்றைச் சொல்லி அனுப்புங்கள்.