வேகமும் வெப்பமும்

மாத்தளையிலிருந்து ரிவஸ்டனுக்கு ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்தது இரத்தோட்டை. மிளகும் கராம்பும் ஏலமும் தேயிலையும் அவ்வூரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படுவன. மேசைக் கணினியின் செயலியை, உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கு மேலே முடுக்கி ஓட்டும் கலைக்கும் அவ்வூருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு காற்றிலே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் குளிர்காற்று, கொழும்பின் புழுக்கத்தில் கிட்டாத ஒரு வசதியை அங்குள்ள இளைஞனுக்கு அளிக்கின்றது. அதே காற்று அவனை ஏமாற்றவும் வல்லது.

செயலி என்பது நகத்தளவான சிலிக்கன் துண்டு. அதனுள்ளே கோடிக்கணக்கான திரான்சிஸ்டர்கள் ஒரு துடிப்புக்கு இசைய மூடித் திறக்கின்றன. துடிப்பின் மீடிறனைக் கூட்டினால் வேலை விரைவாகும். ஆனால் ஒவ்வொரு திரான்சிஸ்டரும் அடுத்த துடிப்பு வருமுன் தன் நிலையை மாற்றி முடித்தாக வேண்டும். முடியாதபோது கணக்குப் பிழைக்கும். அதனை விரைந்து மாறச் செய்யும் வழி வோல்ற்றளவை உயர்த்துவதே. வினை அங்கேதான் தொடங்குகின்றது. ஏனெனில் வெப்பமாக வெளிப்படும் வலு, மீடிறனுக்கு நேர்விகிதத்தில் வளர்வது. வோல்ற்றளவுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது.

ஓர் எடுத்துக்காட்டு. 4.0 கிகாஹேர்ட்ஸ் வேகத்தில், 1.20 வோல்ற்றில், 100 உவாற்று வெப்பம் தரும் செயலி ஒன்று இருப்பதாகக் கொள்க. அதனை 4.4 கிகாஹேர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ற்று வேண்டியிருக்கின்றது. வேகம் நூற்றுக்குப் பத்தே கூடியது. வெப்பமோ ஏறத்தாழ 139 உவாற்றாகிவிடும். அப்போது அச்சிறு துண்டினூடே பாயும் ஓட்டம் 100 அம்பியரைக் கடக்கும். சாதாரண வீட்டின் மின்னிணைப்பு முழுவதற்கும் 30 அம்பியர் போதுமென்பதை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

இவ்வளவு ஓட்டம் பாயும் வழியில் ஓர் ஓமின் ஆயிரத்திலொரு பங்கு தடை இருந்தாலும், வேலை மிகும் கணத்தில் பத்திலொரு வோல்ற்று இறங்கிவிடும். இந்த இறக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு தாய்ப்பலகையில் உண்டு. அதனை மட்டுமீறித் திருப்புவோர் பலர். பளு திடீரென நீங்கும் நொடியில் வோல்ற்றளவு மேலே துள்ளுகின்றது. திரையில் தெரியும் எண்ணோ அந்தத் துள்ளலைக் காட்டுவதில்லை. சிறிது இறக்கத்தைப் பொறுத்துக்கொள்வதே நன்று.

இனி, குளிர்ச்சி. செயலியின் தலையில் பசை பூசி, செப்பு அடியும் வெப்பக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் கொண்ட குளிர்விப்பானைப் பொருத்தி, விசிறியால் காற்றைச் செலுத்துகின்றனர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிகளைக் கண்டவர்க்கு இதன் தத்துவம் புதிதன்று: காற்று ஓடவேண்டும், ஓடியது வெளியேறவும் வேண்டும். பெட்டிக்குள்ளேயே சுற்றும் காற்றால் பயனில்லை. பசையும் அப்படியே. அது நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதற்கே உரியது. ரொட்டிக்கு வெண்ணெய் பூசுவதுபோல் அப்பினால் வெப்பத்துக்கு அதுவே தடையாகும்.

குளிர்விப்பான் ஒவ்வோர் உவாற்றுக்கும் 0.4 பாகை ஏற்றம் காட்டுமெனில், 139 உவாற்றுக்கு ஏறத்தாழ 56 பாகை. மார்கழி இரவில் 20 பாகையுள்ள அறையில் செயலி 76 பாகையில் நிற்கும். சித்திரை நண்பகலில் அறை 30 பாகையானால், அதே செயலி 86 பாகை. குளிர்விப்பான் எத்தனை சிறந்ததாயினும், அறையின் ஏற்றம் அப்படியே செயலியின் ஏற்றமாகின்றது. போதாக்குறைக்கு, சூடேறிய சிலிக்கனில் கசிவோட்டம் பெருகி மேலும் சூட்டைத் தரும். தகடுகளில் தூசியும் படிந்திருக்கும். இன்ரெல் செயலிகள் பலவற்றின் எல்லை 100 பாகை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் 95. எல்லையைத் தொட்டதும் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரும்பாடுபட்டுக் கூட்டிய வேகம் வேண்டிய வேளையில் இராது.

ஆகவே மார்கழியில் தேறிய சோதனையைச் சித்திரைக்கும் போதுமெனக் கொள்வது தவறு. சோதனைக்குப் பலர் கையாளும் பிரைம்95 என்னும் நிரல், 1996-இல் ஜோர்ஜ் வோல்ட்மன் தொடங்கிய பகா எண் தேடலுக்காக எழுந்தது. செயலி நிலைகுலையாமலே தவறான விடை தரும்போதும் அது கண்டுபிடிக்கும். நின்றுபோகும் கணினியை விட, நிற்காமல் பிழைசெய்யும் கணினியே கேடானது. தோட்டத்துச் சம்பளக் கணக்கையோ மாணவனின் ஆய்வேட்டையோ அது ஓசையின்றிக் கெடுத்துவிடும்.

1998-இல் வெளிவந்த செலெரன் 300ஏ, 300 மெகாஹேர்ட்ஸுக்கு விற்கப்பட்டு, பலர் கையில் 450-இல் ஓடியது. அது ஏழையின் பொற்காலம். 2022 டிசம்பரில் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட செயலி ஒன்று 9 கிகாஹேர்ட்ஸைத் தாண்டியது. ஆனால் அது சில கணங்களுக்கான காட்சி, வீட்டுக்கு உதவாது. இன்று உற்பத்தியாளரே செயலியை அதன் எல்லையருகே ஓட்டி விற்பதால், மேலும் முடுக்க இடம் சிறிதே. 2023-இல் ரைசன் 7000எக்ஸ்3டி செயலிகள் சில கருகியபின், ஏஎம்டி ஒரு துணை வோல்ற்றளவுக்கு 1.3 என வரம்பிட்டது. 2024-இல் இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில, மிகை வோல்ற்றளவால் நிலைகுலைந்தன. நிறுவனம் திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தையும் இரண்டாண்டு நீட்டியது. கைபடாத செயலிக்கே இந்நிலை என்றால், கூட்டுபவன் எவ்வளவு எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும்!

2022-இல் ரூபாய் சரிந்து டொலர் 200-இலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, கருகிய செயலிக்கு மாற்று வாங்குவது பலருக்கு எட்டாததாயிற்று. அவ்வாண்டின் மின்வெட்டுகளைக் கண்டவர்களிடையே வேறொரு வழக்கமும் பரவியது தகும்: வேகத்தைத் தொடாமல் வோல்ற்றளவை மட்டும் சிறிது சிறிதாகக் குறைப்பது. 1.20 வோல்ற்று 1.10 ஆனால் வெப்பம் நூற்றுக்குப் பதினாறு அளவு தணியும், விசிறி அடங்கும், மின்கலத்தில் ஓடும் நேரமும் நீளும். குறைப்போனும் பிரைம்95 சோதனையை நண்பகலிலேயே நடத்த வேண்டும், ஓர் அடி குறைக்கும்தோறும். இடியுடன் மழை பொழியும் சித்திரை, ஐப்பசி மாலைகளில் செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிடுவதும் அவசியம்.