வீட்டுக் கழிவுநீர்த் தொட்டியும் நிலப் பரீட்சையும்



வீடு கட்டுவோர் வாசற்கால் வைக்க நாள் பார்க்கின்றனர்; கிணறு வெட்ட ஊற்றுப் பார்க்கின்றனர். கழிப்பிடத் தொட்டிக்கு மட்டும் ஒருவரும் நிலம் பார்ப்பதில்லை. மிச்சமான மூலையில் குழி தோண்டிச் செங்கல் வைத்துக் கட்டினால் காரியம் முடிந்ததென்று எண்ணுகின்றனர். புதுச்சேரி போன்ற கடலோரப் பட்டணத்தில் இவ்வெண்ணம் குடிக்கும் ஜலத்தையே கெடுத்துவிடும்.

செப்டிக் தொட்டி செய்வது பாதி வேலையே. மலம் அதன் அடியில் படிகின்றது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதில் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. தொட்டியினின்று வெளியேறும் நீர் தெளிந்ததுபோல் தோன்றினும் அதில் நோய்க் கிருமிகள் நிறைந்துள்ளன. அதைச் சுத்தி செய்வது மண்ணே. ஈரம் மிகாத, காற்றோட்டமுள்ள மண்ணினூடே அந்நீர் மெல்ல இறங்கும்போதுதான் கிருமிகள் தடுக்கப்பட்டு அழிகின்றன. ஆகையால் நிலத்தைப் பரீட்சியாமல் தொட்டி கட்டுவது ஆழமறியாமல் காலை விடுவதாகும்.

புதுச்சேரியின் நிலம் ஒரே தன்மையதன்று. கடலோரத் தெருக்களில் மணல். வடக்கே கோரிமேட்டுப் பக்கம் செம்மண் மேடு. வில்லியனூர், பாகூர் முதலிய ஆற்றோரப் பகுதிகளில் வண்டலும் களியும் உண்டு. மணல் நீரை விரைவில் உறிஞ்சுவதால் நல்லதென்று பலர் நம்புகின்றனர். நிலத்தடி ஜலம் அருகிலிருந்தால் அவ்விரைவே கேடு. கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றைச் சேர்ந்துவிடும். களிமண்ணிலோ நீர் இறங்காமல் முற்றத்தில் தேங்கும்.

முதலாவது, ஜல மட்டத்தை அறிய வேண்டும். சித்திரையில் குழி வெட்டிப் பார்த்து ஏமாறலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் அண்டைக் கிணற்றில் ஜலம் எந்த உறை வரை ஏறுகின்றதென்று பார்ப்பதே சரியான அளவு. கோடையில் தோண்டினாலும் மண்ணில் சாம்பல் நிறமும் துருநிறத் திட்டுகளும் காணப்படின், அவ்வுயரம் வரை மழைக்காலத்தில் ஜலம் நிற்கின்றதென்று கொள்ளலாம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அத்தகைய நாளில் தாழ்ந்த மனையிலுள்ள குழி என்னவாகும் என்பதை ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, மண் நீரை உறிஞ்சும் வேகத்தைப் பரீட்சிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்துள்ள முறை எளிதானது. கழிவுநீர் விடப்போகும் ஆழம் வரை சிறு குழி தோண்டிப் பக்கங்களைக் கீறிவிட்டு, அடியில் 2 அங்குலம் சரளை பரப்புக. அதன்மேல் ஓரடி உயரம் ஜலம் ஊற்றி ஓரிரவு ஊறவிடுக. மறுநாள் சரளைக்குமேல் 6 அங்குலம் ஜலம் நிறுத்தி, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகின்றதென்று அளக்க. ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் உறிஞ்சு குழி போதும். அரை அங்குலத்திற்கு மேல் ஓர் அங்குலத்திற்குள் இறங்கினால் ஜல்லி நிரப்பிய நீண்ட பள்ளம் வேண்டும். அரை அங்குலமும் இறங்காவிடின் அந்த மண் உதவாது. தொட்டிக்கு அப்பால் ஜல்லி வடிகட்டி ஒன்று கட்டுவதே வழி. ஜல மட்டம் 6 அடிக்குள் இருந்தால், நீர் இறங்கும் மண்ணாயினும் குழி வெட்டலாகாது. மண் மேடிட்டு அதற்குள் பள்ளம் அமைக்க வேண்டும்.

மூன்றாவது, தூரம். கழிவுநீர் இறங்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாமலும், குடியிருக்கும் வீட்டிலிருந்து 20 அடிக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். அண்டை வீட்டுக் கிணற்றையும் குழாய்க் கிணற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். சுவருக்கு அப்பால் இருப்பதனால் மண் வேறாகிவிடாது. இத்தூரம் கிடைக்காத குறுகிய மனைகளில் பாதாளச் சாக்கடை இருப்பின் அதனோடு இணைப்பதே முறை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2024 ஜூன் மாதம் ரெட்டியார்பாளையம் புதுநகரில் பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியே புகுந்து பெண்கள் மூவர் மாண்டனர். அத்தகைய வாயு செப்டிக் தொட்டியிலும் உண்டாகும். கழிப்பறையின் கீழ் நீர் நிற்கும் வளைகுழாயும், தொட்டிக்குக் கூரைக்குமேல் உயர்ந்த காற்றுக்குழாயும் இன்றியமையாதவை. தொட்டியைச் சுத்தம் செய்ய மனிதரை உள்ளே இறக்கலாகாது; பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. ஆகையால் உறிஞ்சும் லாரி வந்து நிற்க வழியுள்ள இடத்தையே தொட்டிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றைத் தனித்தனியே செய்ய அங்கத்தினர் தயங்கலாம். சங்கமாகச் செய்வது சுலபம். மண் துளைக்கும் கருவி ஒன்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைக்கலாம். வீட்டுக் கடன் மனுவோடு நிலப் பரீட்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கலாம். கிராமத்துக் கிணறுகள் எங்குள்ளன, மழைக்காலத்தில் எவ்வளவு ஏறுகின்றன என்று ஒரு படம் எழுதி வைக்கலாம். பரீட்சைக்கு ஆகும் செலவு ஒரு மண்வெட்டியும் இரண்டு நாள் பொறுமையுமே. கடன் வாங்கிக் கட்டிய தொட்டி முதல் மழையிலேயே பொங்கினால் பணமும் போகும், கிணறும் போகும். ஆதலின் கொத்தனாரை அழைக்குமுன் மண்ணைப் பரீட்சித்தறிவது ஒவ்வோர் அங்கத்தினரின் கடமையாகும்.